பரந்தனின் அரை மணித்தியாலம்

பரந்தனில் ஏழே முக்காலுக்குப் புறப்பட்ட பால், கிளிநொச்சிக்கு ஏழரைக்கே வந்து சேர்ந்ததாகப் பதிவாகியிருந்தது. இந்த இரண்டு பால் நிலையங்களின் சேர்வர் கணினிகளையும் பார்த்துக்கொள்பவள் நான். ஒரு வாரமாக இணைப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்ததில் எனக்கு எரிச்சல்தான் மிச்சம். நொடிகள் இரண்டிலும் பிசகாமல் ஒத்துப்போயின. ஆனால் பரந்தன் கடிகாரம் மட்டும் சரியாக அரை மணித்தியாலம் முந்தி ஓடியது.

"சரியா அரை மணித்தியாலமோ, பிள்ளை?" என்றார் பரந்தன் நிலையப் பொறுப்பாளர் கதிர்காமநாதன். "சண்டைக் காலத்திலை கொழும்பு நேரத்தைக் கூட்டினது. இஞ்சை நாங்கள் பழைய நேரத்திலையே இருந்தனாங்கள். ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டிக் கொழும்புப் பக்கம் போனா மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னுக்குத் திருப்ப வேணும்."

எனக்கு உடனே விளங்கியது. பரந்தன் சேர்வர் யாரோ அன்பளித்த பழைய பெட்டி. இரண்டாயிரத்து ஆறில் கொழும்பும் பழைய நேரத்துக்குத் திரும்பியதை அதிலிருந்த நேரக் கோப்பு அறியாது; இன்னும் கூட்டிய நேரத்திலேயே ஓடியது.

உறுதிப்படுத்த, அந்தக் கோப்பின் மூலத்தை இணையத்தில் திறந்தேன். உலகத்துக் கணினிகள் எல்லாம் நம்பியிருக்கும் நேர வரலாறு அது. இலங்கையின் வரிகளுக்கு மேலே ஆங்கிலத்தில் ஒரு சிறு குறிப்பு: தொண்ணூற்றாறில் மாற்றிய நேரத்தைப் புலிகள் ஏற்கவேயில்லை.

அதைக் கதிர்காமநாதனுக்குத் தமிழில் சொன்னேன். அவர் இன்னொருதரம் சொல்லச் சொன்னார். பிறகு திரையில் அந்த வரியின் மேல் விரலை வைத்தார்.

"மணிக்கூட்டைத் திருத்துங்கோ, பிள்ளை," என்றார். "உந்த வரியை மட்டும் அழிச்சுப் போடாதேங்கோ."