வெள்ளைக் கத்தரி

புருஷன் ஜெயந்தனின் முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த கையோடு, அவர் கடைசியாக நட்ட கத்தரியில் ஒரு காயைப் பழுக்கவிட்டாள் அஜந்தா. விதையைச் சாம்பலில் பிரட்டி, சீலைத் துண்டில் முடிந்து, அடுப்புக்கு மேலே கட்டினாள். ஆண்டுத் திவசத்துக்கு ஜெயந்தனின் படையல் இலையில் அவர் நட்ட அதே ஊதாக் கத்தரி இருக்கவேண்டும். புருஷனை வாய்ருசியாலேயே கட்டிவைத்தவள் என்று செட்டிபாளையம் முழுக்கப் பேரெடுத்தவள் அல்லவா, வேறெதைப் படைப்பாள்?

விதை முளைத்தது, காய்க்கவும் செய்தது. ஒன்று குட்டை, ஒன்று பச்சை வரி. கிணற்றடிக் கன்றிலோ வெள்ளை வெளேரென்று, முட்டை போல.

அவள் கையிலிருந்த வாளி நழுவியது. அது சிவமலரின் கத்தரி. ஜெயந்தனின் முதல் பெண்சாதி. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று போனவள், உடம்புகூடக் கிடைக்கவில்லை. அஜந்தா இந்த வளவுக்குக் கல்யாணமாகி வந்த கிழமையே, கிணற்றடியில் தானாக முளைத்து நின்ற அந்த வெள்ளைக் கத்தரியை வேரோடு பிடுங்கி எறிந்தாள். ஜெயந்தன் அன்றைக்குச் சோறு தின்னவில்லை. அதற்குப் பிறகு கடைப் பக்கட் விதைதான்.

வேலிக்கு அந்தப்பக்கம் அன்னப்பூரணி மாமி. அவவின் கண்ணுக்கு எந்த வேலியும் ஒரு பொருட்டில்லை.

"என்னகா, மலர்ட கத்தரி போல கிடக்கு?"

"வாயை மூடுங்க மாமி."

"நான் மூடுறன். அவள் மூடுவாளா?"

அஜந்தா காயை மடியில் கட்டிக்கொண்டு காத்தான்குடிக்கு பஸ் ஏறினாள். விதைக்கடை நளீர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது ஹைபிரிட் புள்ள. ரெண்டு சாதியச் சேர்த்து எடுத்த விதை. முதல் ஈட்டுல எல்லாம் ஒரே அச்சா வரும். அதுட விதையப் போட்டா தாய், தகப்பன் எல்லாம் பிரிஞ்சி பிரிஞ்சி வரும்."

"அப்ப இந்த வெள்ளை?"

"சேர்த்ததுல ஒண்டு வெள்ளையா இருந்திருக்கும். ஊதாக்குள்ள ஒளிச்சிருந்து இப்ப வெளிய வந்திருக்கு. பேயுமில்ல, பிசாசுமில்ல." புதுப் பக்கட் ஒன்றை நீட்டினார். "அதே காய் வேணுமெண்டா ஒவ்வொரு முறையும் இதத்தான் வாங்கணும்."

"திவசத்துக்குள்ள காய்க்குமா?"

"எங்க காய்க்க?"

திரும்பி வரும்போது அவளுக்கு எல்லாம் நன்றாக விளங்கியது. விளங்கியதுதான் கிலியாக இருந்தது. ஊதாவுக்குள்ளே ஒளிந்திருந்தது என்றால், இத்தனை வருஷமும் அவள் ஆக்கிப் போட்ட ஒவ்வொரு காயிலும் அது இருந்திருக்கிறது. ருசித்து ருசித்துத் தின்றாரே, எதைத் தின்றார்?

நேரே கிணற்றடிக்குப் போய்க் கன்றின் தண்டைப் பிடித்தாள். கை இழுக்க மறுத்தது.

திவசத்தன்று வெள்ளைக் கத்தரியைப் பால்கறி வைத்தாள். படத்துக்கு முன்னால் ஒரு இலை போட்டாள். ஒரு முழம் தள்ளி இன்னொன்று.

"ரெண்டாவது ஆருக்கு?" என்றா மாமி.

"மலர் அக்காக்கு."

செத்தவர்கள் வந்து உண்ண வழிவிட்டு, சன்னல்களை மூடி, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நின்றார்கள். வாவிக் காற்றும் ஓய்ந்து கிடந்தது.

கதவைத் திறந்தபோது, இரண்டு இலையும் விளிம்போடு விளிம்பு ஒட்டிக் கிடந்தன.

ஊர்க்கதையெல்லாம் சுமந்து திரிகிற அன்னப்பூரணி மெல்லக் கேட்டா: "இழுத்துத் தள்ளி வைப்பமா, புள்ள?"

அஜந்தா இரண்டு இலையையும் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டுக்கும் நடுவே அவள் இருப்பதற்கு இடமில்லை.

"வேணாம் மாமி. தின்னட்டும்" என்று கதவை மறுபடி சாத்தினாள்.