கொஞ்சம் பரவாயில்லை, டாக்டர்

“என்னைப் பத்தி அந்தக் கம்ப்யூட்டர்ல என்ன எழுதி வச்சிருக்கீங்களோ, அதை அப்படியே வாசிச்சுக் காட்டுங்க.”

ப்ரெண்டா ஓச்சோவா இப்படிச் சொன்னதும், சுவரோர நாற்காலியில் இருந்த அவள் அம்மா எலோதியா, மடியில் வைத்திருந்த கமலா ஆரஞ்சுப் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மகள் டாக்டரைக் கைநீட்டி அடித்திருந்தால்கூட அவ்வளவு பதறியிருக்க மாட்டாள். டாக்டர் என்ன எழுதுகிறார் என்று கேட்கவே கூடாது என்பது அவர்கள் வீட்டுச் சட்டம். காலையில் காரில் வரும்போதுகூட அதை இரண்டு முறை சொல்லியிருந்தாள்: “அவரு படிச்சவரு. எழுதுறது அவரு வேலை. நீ கேட்டா அவரை நம்பலைன்னு ஆயிடும்.”

“டாக்டர் ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. வலில பேசுறா,” என்றாள் எலோதியா. பிறகு மகள் பக்கம் திரும்பி, “அந்தக் கறுப்புக் கண்ணாடியையாவது கழட்டுடி. ரூமுக்குள்ள என்ன இது, சினிமாக்காரி மாதிரி.”

“வெளிச்சம் குத்துதும்மா.”

“டாக்டர் முன்னாடியா குத்தும்?”

வெளிச்சம் எல்லார் முன்னாலும்தான் குத்தியது. தலைக்கு மேலே குழல் விளக்கு ஓயாமல் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. ப்ரெண்டாவின் இடது கண்ணுக்குப் பின்னால் யாரோ திருகாணியை உள்ளே முறுக்கிக்கொண்டிருந்தார்கள். உட்கார முடியவில்லை, எழுந்து நிற்கவும் முடியவில்லை. அவள் கால் ஆட ஆட, பரிசோதனைப் படுக்கையில் விரித்திருந்த காகிதம் சரசரத்தது. அந்தச் சத்தமும் வலித்தது.

டாக்டர் ஹால்வர்சன் ரீட்லி என்ற அந்தச் சின்ன ஊரில் இருபத்தைந்து வருடமாக வைத்தியம் பார்ப்பவர். நல்ல மனிதர் என்று பெயர். ஒரு நோயாளிக்குப் பதினைந்து நிமிடம். அதில் ஐந்து ஏற்கெனவே போயிருந்தது.

“ப்ரெண்டா, இன்னைக்கு என்ன தொந்தரவுன்னு மொதல்ல பேசிடலாமே.”

“இதான் தொந்தரவு.” அவள் ஒரு கடிதத்தை அவர் மேசையில் வைத்தாள்.

இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய கடிதம். மாதம் ஒரு முறை போடும் புது ஊசிக்கு டாக்டர் விண்ணப்பித்திருந்தார். தலைவலி வராமலே தடுக்கும் ஊசி. அதற்கு ஒரு விதி உண்டு. பழைய மாத்திரைகள் இரண்டை முதலில் சாப்பிட வேண்டும். சாப்பிட்டுத் தோற்றுக் காட்ட வேண்டும். அவை பயனில்லை என்று ஃபைலில் இருந்தால்தான் ஊசி. ப்ரெண்டா இரண்டையும் சாப்பிட்டாள், ஏழு மாதம். கம்பெனியோ, ‘நோயாளியின் மருத்துவக் குறிப்புகளின்படி தற்போதைய மாத்திரைகள் நன்கு வேலை செய்கின்றன. எனவே ஊசி அவசியமில்லை’ என்று எழுதிவிட்டது. அந்த முடிவை எதிர்த்துக் கேட்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். இன்று புதன்.

ஊசி கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறாள். இது இரண்டாம் வருடம், இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. மார்ச் பாதியில் யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று பள்ளி முடிவு செய்யும். பதினொரு நாள் விடுப்பு எடுத்தாகிவிட்டது. “உன் பாடம் நல்லாருக்கு, ஆளைத்தான் காணோம்,” என்று தலைமையாசிரியை சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னதுதான் பயமாக இருந்தது. அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். அந்தப் பட்டத்தை ஒரு பக்கத் தலை தின்றுகொண்டிருந்தது.

“மாத்திரை வேலை செய்யுதுன்னு யாரு எழுதினது?” என்றாள்.

“நான் ஒண்ணும் சும்மா எழுத மாட்டேன்.”

“அப்ப வாசிங்க.”

டாக்டர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு திரையை உருட்டினார். குரலில் ஒரு சலிப்பு. “ஆகஸ்ட். நோயாளி நன்றாக இருப்பதாகச் சொல்கிறார். அக்டோபர். வலி குறைந்துள்ளது. டிசம்பர். மருந்து நன்றாக ஒத்துக்கொள்கிறது, பக்கவிளைவு எதுவும் இல்லை...”

“டிசம்பர்லயா?”

“டிசம்பர் ஒன்பது.”

“அன்னைக்குக் காலைல இதே ஆஸ்பத்திரி வாசல்ல, கார் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு வாந்தி எடுத்தேன். மாசத்துல பதினேழு நாள் வலி. யாரு சொன்னது உங்களுக்கு ஒத்துக்குதுன்னு?”

டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். “நீங்கதான்.”

ப்ரெண்டாவுக்கு அந்த டிசம்பர் காலை ஞாபகம் வந்தது. டாக்டர் உள்ளே வந்தார். “எப்படியிருக்கோம்?” என்றார். அவள் வாயைத் துடைத்த கைக்குட்டையைப் பைக்குள் திணித்துக்கொண்டே, “கொஞ்சம் பரவாயில்லை டாக்டர், தேங்க்ஸ்,” என்றாள். பக்கத்தில் அம்மா, “கடவுள் புண்ணியத்துல ரொம்ப நல்லாருக்கா,” என்று சேர்த்துக்கொண்டு பழப் பெட்டியை நீட்டினாள். அவ்வளவுதான். ஏழு மாதமும் அவ்வளவுதான் நடந்தது.

கோபத்தோடு வந்தவளுக்கு இப்போது கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அந்த ‘பரவாயில்லை’ ஆஸ்பத்திரியில் கற்றது இல்லை. பழக் கொட்டகையில் கற்றது. எலோதியா முப்பது வருடமாக அங்கே, பழங்கள் ஓடிவரும் பெல்ட் முன்னால் நின்று தரம் பிரிக்கிறாள். கோடையில் பீச், குளிரில் ஆரஞ்சு. காலையில் மேஸ்திரி வந்து, “எல்லாரும் எப்படி இருக்கீங்க?” என்று கேட்பான். “நல்லாருக்கோம்!” என்று பெண்கள் ஒரே குரலில் சொல்வார்கள். தலை வலிக்கிறது, இடுப்பு விட்டுப்போகிறது என்று ஒருத்தி சொன்னால், “ஐயோ பாவம், வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு,” என்பான். மறுநாள் வேலைப் பட்டியலில் அவள் பேர் இருக்காது. கல்லூரி விடுமுறைகளில் ப்ரெண்டாவும் அதே பெல்ட்டில் நின்றிருக்கிறாள். முதல் நாளே அம்மா காதில் சொல்லிக்கொடுத்தாள்: “எப்படி இருக்கேன்னு கேக்கறவன் பதிலுக்காகக் கேக்கல. நல்லாருக்கேன்னு சொல்லிட்டு கைவேலையைப் பாரு.”

பட்டம் வாங்கினாள், வேலை வாங்கினாள். வாய் மட்டும் பெல்ட்டிலேயே நின்றுவிட்டது.

“சரி, அது என் தப்புதான்,” என்றாள். “மரியாதைக்குச் சொன்னேன். ஆனா நீங்க எங்க நின்னு கேட்டீங்க தெரியுமா? கதவுப் பிடில கையை வச்சுக்கிட்டு. எத்தனை நாள் வலிச்சுதுன்னு ஒரு தடவை கேட்டீங்களா? வாந்தி வந்துதான்னு? பக்கவிளைவு இல்லைன்னு எழுதியிருக்கீங்களே, அதை நான் சொல்லவே இல்லையே!”

டாக்டரின் கழுத்து சிவந்தது. “நீங்க எதுவும் சொல்லலைன்னா, இல்லைன்னுதான் குறிப்போம்.”

“ரெண்டாவது மாத்திரை சாப்பிட்டப்ப எனக்கு வார்த்தை மறந்துச்சு. மழை எப்படி வருதுன்னு பாடம். ‘மேகம்’ங்கிற வார்த்தை வரல. முப்பது பிள்ளைங்க முன்னாடி கையைக் கையை ஆட்டிக்கிட்டு நின்னேன். மிஸ்ஸுக்கு மேகம் மறந்துபோச்சுன்னு ஒரு வாரம் சிரிச்சாங்க.”

“இதை ஏண்டி வீட்ல சொல்லல?” என்றாள் எலோதியா.

“சொன்னா, தலைவலிக்குக் கைவைத்தியம்னு நெத்தில உருளைக்கிழங்கை வெட்டி வச்சுக் கட்டுவே.”

எலோதியா சட்டென்று தன் கம்பளித் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஹீட்டர் ஓடிய அந்தச் சின்ன அறையில் எல்லோருக்கும் வியர்த்தது. அவள் மட்டும் காலையிலிருந்து அந்தத் தொப்பியைக் கழற்றவில்லை.

டாக்டர் திரையை இன்னும் மேலே உருட்டினார். அவருக்கும் இப்போது தான் எழுதியதைப் பார்க்க வேண்டும்போல இருந்திருக்கலாம். “முதல் நாள் குறிப்பு. குடும்பத்தில் வேறு எவருக்கும் ஒற்றைத் தலைவலி கிடையாது. இதை உங்க அம்மா சொன்னாங்க.”

ப்ரெண்டா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். வெளிச்சம் ஊசியாக இறங்கியது. அந்த வலியோடேயே அம்மாவைப் பார்த்தாள். அவளுக்கு நினைவு தெரிந்த நாளாக ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னறையில் திரை போட்டிருக்கும். ரேடியோ வைக்கக் கூடாது, வெங்காயம் வதக்கக் கூடாது. அம்மா தூங்குகிறாள் என்பார்கள். வாளி ஒன்று கட்டிலடியில் இருக்கும். தூங்குகிறவளுக்கு வாளி எதற்கு என்று இருபத்தாறு வருடமாக அவள் கேட்டதில்லை.

“ம்மா. தொப்பியைக் கழட்டு.”

“குளிருது.”

“கழட்டும்மா.”

எலோதியா கழற்றினாள். இரண்டு நெற்றிப் பொட்டிலும் இரண்டு உருளைக்கிழங்கு வில்லைகள். ஓரம் கறுத்து, காய்ந்து, தோலோடு ஒட்டியிருந்தன. இடப்பக்க வில்லை மெல்லக் கழன்று ஆரஞ்சுப் பெட்டிக்குள் விழுந்தது. அவள் அதைத் தேடி எடுத்து, எங்கே போடுவது என்று தெரியாமல் உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

“இதோடவா பனிமூட்டத்துல வண்டி ஓட்டிட்டு வந்தே?”

“நீ ஓட்ட முடியாதுன்னே. வேற யாரு ஓட்டுறது?” பிறகு டாக்டரிடம் தாழ்ந்த குரலில், “இது வியாதி இல்லைங்க ஐயா. தலைவலிதான். பொம்பளைங்களுக்கு வர்றதுதானே,” என்றாள்.

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். அன்று முதல் தடவையாக விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். “எத்தனை வருஷமா வருது?”

“இவ பொறக்கறதுக்கு முந்தியே.”

வெளியே தாழ்வாரத்தில் அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டார்கள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், பழக்கம். மறுபடி திரைக்குத் திரும்பினார்.

“பழைய குறிப்பை அழிக்க முடியாது. அதுக்குக் கீழ திருத்தம்னு சேர்க்கலாம், சேர்க்கறேன். ஆனா உண்மையைச் சொல்றேன், ஏழு குறிப்புக்கு எதிரா ஒரு திருத்தத்தை அவங்க எடுத்துக்கறது கஷ்டம். மூணாவது மாத்திரை ஒண்ணு தர்றேன். மூணு மாசம் சாப்பிடுங்க. இந்தத் தடவை ஒழுங்கா எழுதிக்குவோம். அப்புறம் மறுபடி கேப்போம்.”

“மூணு மாசத்துல எனக்கு வேலை இருக்காது டாக்டர்.”

“வேலை அழுத்தமும் ஒரு காரணமா இருக்கலாம், இல்லையா?”

“ஏன், வேலை போனா தலைவலி சரியாயிடுமா? அப்ப எழுதுங்க. மூணாவது மாத்திரையை நோயாளி மறுத்துட்டாள்னு எழுதுங்க. ஏன் மறுத்தாள்னும் எழுதுங்க. வகுப்புல வார்த்தை மறந்ததை எழுதுங்க. பதினேழு நாளை எழுதுங்க. வாசல்ல வாந்தி எடுத்ததை எழுதுங்க. அம்மா தலைல இருந்ததையும் எழுதுங்க. எழுதிட்டு வாசிச்சுக் காட்டுங்க. அப்புறம் ஏழு குறிப்பையும் இதையும் சேர்த்து பிரிண்ட் எடுத்துக் கொடுங்க. ஃப்ரெஸ்னோல இருக்கற தலைவலி டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போறேன். எதிர்த்துக் கேக்கற கடிதத்தை நானே எழுதிக்கறேன். எழுதத்தான் படிக்க வச்சிருக்காங்க.”

“அங்க இடம் கிடைக்க மாசக்கணக்காகும்.”

“தினமும் காலைல போன் பண்ணுவேன். யாராவது வரலைன்னா அந்த இடத்துல உக்காருவேன்.”

டாக்டர் தட்டச்சு செய்தார். ஒவ்வொரு வரியாக வாசித்தும் காட்டினார். ‘ஓரளவு வலி’ என்று ஒரு இடத்தில் வந்தது. “ஓரளவு இல்ல,” என்றாள் ப்ரெண்டா. அவர் அந்தச் சொல்லை எடுத்தார். தாள்களை நீட்டும்போது, “இப்படி முன்னாடியே சொல்லியிருக்கலாம்,” என்றார்.

“சொல்லியிருக்கணும்,” என்றாள் அவள். “வலியை மரியாதைக்காகக் குறைச்சுச் சொன்னா, அந்தக் குறைஞ்ச வலிக்குத்தான் வைத்தியம் கிடைக்கும். மிச்ச வலியை நாங்களே வச்சுக்க வேண்டியதுதான். இது எங்களுக்குப் பாடம். கேட்டா பதில் வர்ற வரைக்கும் நில்லுங்க. அது உங்களுக்கு.”

எலோதியா கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் இந்தத் தடவை மன்னிப்புக் கேட்கவில்லை.

ப்ரெண்டா தாள்களை மடித்துப் பையில் வைத்தாள், அம்மா மடியிலிருந்த பெட்டியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“அதை டாக்டருக்கு வச்சுட்டு வாடி!”

“ஏழு பெட்டி கொடுத்தாச்சு. ஏழு தடவையும் நல்லாருக்காள்னு எழுதிட்டார். இதை நாமளே தின்னுக்கலாம்.”

வரவேற்பு மேசையில் டெல்ஃபினா இருந்தாள். எலோதியாவோடு பெல்ட்டில் பழம் பிரித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள். தலை நிமிராமலே, “எலோதியாக்கா, எப்படியிருக்கீங்க?” என்றாள்.

“நல்லா...” என்று தொடங்கிய எலோதியா நின்றாள். மகளைப் பார்த்தாள். பிறகு மேசைமேல், டெல்ஃபினாவுக்கு நேர் எதிரே, கையிலிருந்த உருளைக்கிழங்கு வில்லையை வைத்தாள்.

“தலை வலிக்குது டெல்ஃபினா. முப்பது வருஷமா வலிக்குது. எனக்கும் ஒரு சீட்டு போடு. டாக்டர் என்ன எழுதுறாருன்னு நானும் கேக்கணும்.”

ப்ரெண்டா நிற்கவில்லை. பெட்டியை இடுப்பில் இடுக்கியபடி, மறு கையில் ஃப்ரெஸ்னோ எண்ணை அழுத்திக்கொண்டே கதவைத் தோளால் தள்ளித் திறந்து, பனிக்குள் இறங்கி நடந்தாள்.