எறங்கிருச்சு

முள்ளுக்குறிச்சிச் சந்தைமேட்டில் நின்றால் கொல்லிமலை கைக்கெட்டும் தூரத்தில்தான் தெரியும். அங்கே, அரியூர் நாட்டில், அத்தாயியின் வீடு இருக்கிறது. இரண்டு வயதுப் பெண்குழந்தையும் புருஷன் சென்றாயனும் இருக்கிறார்கள். ஒரு மாதமாக அவள் அந்த மலையைப் பார்க்க மட்டும் செய்கிறாள்.

குழந்தை பிறந்த ஏழாம் நாளே அத்தாயி விறகுச் சுமை தூக்கினாள். கொஞ்சம் படுத்திரு என்று சொல்ல அங்கே யாருக்கும் வாய் வந்ததில்லை. அதன்பின் இருமினாலும் குனிந்தாலும் அடிவயிற்றிலிருந்து ஏதோ நழுவிக் காலிடுக்கில் வந்து நின்றது. அதற்குப் பெண்கள் தங்களுக்குள் ஒரே வார்த்தைதான் வைத்திருந்தார்கள்: ‘எறங்கிருச்சு.’ ஆண்களிடம் அதைச் சொல்லும் வழக்கமில்லை. அவளும் சொல்லாமல் பாயைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். தன்மேல் வெறுப்பு என்று சென்றாயன் நினைத்துக்கொண்டான். வேறென்ன நினைப்பான், பாவம்.

மிளகு விற்கக் கீழே வந்தவளால் திரும்ப ஏற முடியவில்லை. முதல் ஏற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். மிளகு வியாபாரி அப்துல் சலாமின் மனைவி ஹாஜிரா பீவி அவளைத் தன் வீட்டில் தங்கவைத்தாள். மலைக்குப் புறப்பட்ட சலாமிடம் அத்தாயி தலையைக் குனிந்துகொண்டு, “எறங்கிருச்சுன்னு என்ற மாமியாகிட்ட சொல்லுங்க பாய்” என்றாள். சலாம் கண்ணியமான மனிதர், மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

திரும்பி வந்து சொன்னார்: “மாமியா இல்லம்மா, உன் ஊட்டுக்காரர்தான் இருந்தாரு. எறங்கிருச்சா, போகட்டும்னுட்டாரு.”

சென்றாயன் எப்படி எடுத்துக்கொண்டான் என்று அத்தாயிக்குப் புரிந்தது. மலையில் பெண்டாட்டியைப் பற்றி ‘எறங்கிருச்சு’ என்றால், கட்டினவனை விட்டுவிட்டுக் கீழ்நாட்டுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். திருத்திச் சொல்லி அனுப்ப வேண்டுமானால் சலாமிடம் எல்லாவற்றையும் உடைத்துச் சொல்ல வேண்டும். அதற்குச் செத்துப்போகலாம்.

ஹாஜிராதான் அவளைப் பஸ் ஏற்றிச் சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். லேடி டாக்டர் மூத்திரப்பைக்குள் மருந்துத் தண்ணீர் ஏற்றி, நிற்கவைத்து, முக்கச் சொல்லி எக்ஸ்ரே எடுத்தார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

“ரெண்டு பக்கமும் இருக்கிறது இடுப்பெலும்பு. நடுவுல வெள்ளையா இருக்கே, அது மூத்திரப்பை. முக்கினதும் எவ்வளவு கீழ வந்துருச்சு பாருங்க. தாங்கிப் பிடிக்கிற சதை பிரசவத்துல தளர்ந்துபோச்சு.”

“இதப் பார்த்தா ஆம்பளைக்கும் புரியுங்களா?”

“புரியும்” என்றார் டாக்டர். உள்ளே தாங்கலாக ஒரு ரப்பர் வளையம் வைத்துவிட்டு, சுமை தூக்காமல் மெதுவாக ஏறலாம் என்றார். படத்தையும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். அத்தாயிக்குப் பாரம் குறைந்தது. இனி எதையும் தன் வாயால் சொல்ல வேண்டாம், படமே சொல்லிவிடும்.

விடிந்ததும் ஏறத் தொடங்கியவள், உட்கார்ந்து உட்கார்ந்து, பொழுது சாயுமுன் வீடு சேர்ந்தாள். சென்றாயன் வாசலில் மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தான்.

“எறங்கினவ எதுக்கு ஏறி வந்த?”

படத்தை நீட்டினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“என்ன இது, சொரக்காயாட்டம்?”

படம் பேசும் என்று நம்பி வந்தாளே, அது அவன் கையில் ஊமையாகக் கிடந்தது. கதவோரம் நின்ற குழந்தை, யாரோ என்று அவளைப் பார்த்தது. எடுத்து அணைக்கக் கை பரபரத்தது. இப்போது வாயைத் திறக்காவிட்டால் எல்லாம் போய்விடும்.

படத்தை வாங்கி வெயிலுக்கு நேராகப் பிடித்தாள்.

“இது என்ற எலும்புங்க. இது மூத்திரப்பை. புள்ள பொறந்ததிலிருந்து கீழ வந்துட்டே இருக்குது. அதனாலதான் பாயைத் தள்ளிப் போட்டேன். எறங்கினது நானில்லீங்க. இதுதானுங்க.”

சென்றாயன் அந்த வெள்ளை இடத்தை விரலால் தொட்டான்.

“ரெண்டு வருசமாவா?”

“ஆமாங்க.”

படத்தை வாங்கிக் கூரையில் பத்திரமாகச் செருகினான். மூலையில் கிடந்த காலிக் குடத்தை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு ஓடைப்பக்கம் நடந்தான். அந்த ஊரில் எந்த ஆணும் தண்ணீருக்குப் போனதில்லை. எதிர்வீட்டுப் பாப்பாயி வாயைப் பொத்திச் சிரித்தது அவன் காதில் விழுந்திருக்கும். அவன் நிற்கவில்லை.