வாளிக்குள் நடந்த விருந்து

வாளியில் ஃபார்மலின் ஊற்ற மறந்தது சாட்சாத் பூதக்கண்ணாடியேதான். ஏரி ஆய்வு நிலையத்தில் அவனுக்கு அதுதான் பெயர். மீன்குஞ்சுகளின் வயிற்றை அறுத்து, அவை என்ன தின்றன என்று நாள் முழுக்க நுண்ணோக்கியில் துப்பறிவது அவன் பிழைப்பு. குஞ்சுகள் கரைக்கு வந்ததுமே, அவற்றைக் கொன்று பதப்படுத்தும் அந்த மருந்தை ஊற்றிவிட வேண்டும். அப்போதுதான் ஏரியில் தின்றது தின்றபடி வயிற்றில் நிற்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு விரலை ஆட்டி ஆட்டி இந்தப் பாடத்தைச் சொல்பவனும் அவன்தான்.

அன்று காலை அவன் மனைவி, தான் பிடித்துவந்த குஞ்சுகளோடு வாளியை மேஜையில் வைத்துவிட்டு, வலையை எடுக்கத் திரும்பவும் படகுக்குப் போனாள். ஜன்னல் வழியாக அவன் கண்ணும் கூடவே போனது. படகிலிருந்து அவளுக்குக் கை கொடுத்து ஏற்றியவன் புதுப் படகோட்டி. அவன் தோளைப் பார்த்தால், படகே அவனை நம்பித்தான் மிதக்கிறதோ என்று தோன்றும்.

போன வருஷம்வரை அந்தப் படகில் துடுப்புப் போட்டவன் பூதக்கண்ணாடி. இவர்கள் காதல் வளர்ந்ததே அந்தப் பலகையில்தான். இந்தக் கோடையில் அவள் சத்தமில்லாமல் ஆளை மாற்றிவிட்டாள். "படகு ரொம்ப ஆடுதா?" என்று இவன் சுற்றி வளைத்துக் கேட்டால், "காத்தைப் பொறுத்து" என்று அவளும் சுற்றி வளைத்துவிடுவாள்.

இப்போது இரண்டு பேரும் வலையைப் பிழிந்தார்கள். திடீரென்று சிரித்தார்கள். நம் ஜோக்குக்கு இவள் கடைசியாக இப்படிச் சிரித்தது எப்போது என்று யோசித்து யோசித்து அவனுக்கு வயிறு எரிந்தது. மருந்து ஞாபகம் வந்தபோது வெயில் மேஜைக்கே வந்திருந்தது. அவசரமாக ஊற்றினான்.

முதல் குஞ்சை அறுத்தான். அந்த வயசுக் குஞ்சின் வயிற்றில் நீர்த்தெள்ளும் கொசுப்புழுவும்தான் இருக்கும். இதிலோ, மடித்து வைத்த மாதிரி இன்னொரு குஞ்சு! அடுத்ததிலும் அப்படியே. பூதக்கண்ணாடிக்குப் புல்லரித்தது.

"ஏம்மா, ஓடி வா! இந்த ஏரியில மீசை முளைக்காத வயசுலயே மீன் மீனைத் தின்னுது! பெரிய கண்டுபிடிப்பு!"

அவள் நுண்ணோக்கியைப் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"மருந்து எப்ப ஊத்துனீங்க?"

"வந்த உடனே."

"எந்த உடனே? ஜன்னல்ல நிக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பார்த்தியா?"

"ரெண்டு பேருமே பார்த்தோம். உங்க மூக்கு கண்ணாடியில சப்பையா ஒட்டியிருந்துது. சிரிப்பை அடக்க முடியல." நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "பெருசையும் சிறுசையும் ஒரே வாளியில உயிரோட விட்டா வேற என்ன நடக்கும்? காலங்காத்தால குளிர்ல நனைஞ்சதெல்லாம் வீணாப்போச்சு."

அவன் கத்தியைக் கீழே வைத்தான். இனி இழக்க மானம் என்று எதுவும் மிச்சமில்லை.

"மழுப்பாம சொல்லு. அவன் என்னைவிட ஒசத்தியா?"

"படகுல ஒசத்திதான். அவன் வாயே திறக்க மாட்டான். நாணல் ஓரமா குஞ்சுங்க மேயுற நேரத்துல நீங்க ஒரு கதையை ஆரம்பிச்சா, மொத்தக் கூட்டமும் ஆழத்துக்கு ஓடிடும். காலையில எனக்கு மீன் வேணும், அவனோட போறேன். சாயங்காலமானா எனக்குப் பேச்சு வேணும். அதுக்கு உங்களை விட்டா எனக்கு வேற யாரும் சரிப்பட மாட்டாங்க."