பதினொரு நாள் வெயில்

பதினொரு நாள் வெயிலைப் பிழிந்ததில் தேறியது இருபத்தாறு நிமிட நெருப்பு. அதுவும் அடுப்பைச் சின்னதாக வைத்தால்.

கணக்குப் போட்டவள் சைலன்சர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஆய்வு நிலையத்தில் சேர்ந்த இரண்டு வருடத்தில் அவள் பேசியதை எல்லாம் எழுதினாலும் ஒரு தபால் அட்டை நிரம்பாது என்பதால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அங்கே நடப்பது இதுதான். திடலில் நாற்பது கண்ணாடிகள். சூரியனோடு சேர்ந்து திரும்பி, கோபுர உச்சியில் ஒரே இடத்தில் வெயிலைக் கொட்டும். அந்த இடத்தில் பஞ்சு மாதிரி ஓட்டை விழுந்த சீரியம் ஆக்சைடு கட்டி ஒன்று உட்கார்ந்திருக்கும். ஆயிரத்தைந்நூறு டிகிரிக்குச் சூடேறினால் தன்னிடமுள்ள ஆக்சிஜனில் கொஞ்சத்தை விட்டுவிடும். பிறகு ஆறவிட்டு நீராவியை அனுப்பினால், இழந்ததை மீட்கிற ஆத்திரத்தில் நீராவியிடமிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். மிச்சம் ஹைட்ரஜன். தொட்டியில் சேர்த்துவைத்தால், மழை நாளிலும் வெயிலில் சமைக்கலாம்.

பெரியப்பாவுக்கு இது சிரிப்பாக இருந்தது. அவருக்குச் சமையல் எரிவாயு ஏஜென்சி.

"நாப்பது கண்ணாடி, ஒரு கோபுரம், இருபத்தாறு நிமிஷமா? பருப்பே வேகாதேம்மா. பேசாம நம்ம கடையில வந்து உக்காரு. போன் எடுத்து, சிலிண்டர் நாளைக்கு வரும்னு சொல்லணும், அவ்வளவுதான்."

நாளெல்லாம் தெரியாத மனிதர்களோடு போனில் பேசுவது. அதற்குப் பதில் நாற்பது கண்ணாடிகளையும் தினம் இரண்டு முறை துடைக்கச் சொன்னாலும் துடைப்பாள். ஆனால் தலைக்கு மேல் கத்தி தொங்கத்தான் செய்தது. இன்று திட்டத்துக்குப் பணம் ஒதுக்கும் மூன்று பேர் கொண்ட குழு வருகிறது. அடுப்பு எரிந்தால் திட்டம் இன்னும் ஒரு வருடம் ஓடும். எரியாவிட்டால் கண்ணாடிகள் ஏலத்துக்கு. அவள் பெரியப்பா கடைக்கு.

"நீ ஒண்ணும் பேச வேண்டாம்," என்று தலைமை ஆய்வாளர் தைரியம் சொல்லியிருந்தார். "பேச்சை மேனேஜர் பாத்துக்குவார். நான் கன்ட்ரோல் ரூமை விட்டு நகர முடியாது. நீ அடுப்பைப் பத்த வை, போதும்."

வாய் திறக்காத வேலை. அவளுக்கென்றே செய்தது.

உச்சி வெயில். கோபுரத்தடியில் மேஜை, மேஜைமேல் அடுப்பு. குழுவின் தலைவி குடையோடு முன்வரிசையில் உட்கார்ந்தார். மேனேஜர் தலையசைத்தார். சைலன்சர் வால்வைத் திருப்பிப் பொத்தானை அழுத்தினாள். டப் என்று சின்னச் சத்தம். பற்றிக்கொண்டது.

எல்லோரும் பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை.

அப்போதுதான் அவள் பர்னரைக் கவனித்தாள். புது மாப்பிள்ளை மாதிரி பளபளத்தது. ஹைட்ரஜன் தீக்கு நிறம் கிடையாது. வெயிலில் கண்ணுக்கே அகப்படாது. அதனால்தான் பர்னரில் எப்போதும் உப்புக் கரைசல் பூசி வைப்பாள். உப்பு சேர்ந்தால் தீ மஞ்சளாகத் தெரியும். அந்த வெள்ளைப் படிவத்தை அழுக்கென்று நினைத்து, விருந்தாளிகள் வருகிறார்களே என்று, மேனேஜர் காலையில் எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்க்கச் சொல்லியிருக்கிறார். மேஜைமேல் இருந்த உப்புப் பொட்டலத்தையும் காணோம்.

"சார்," என்றாள். பக்கத்தில் பறந்த ஈக்குக்கூடக் கேட்டிருக்காது.

"இரும்மா, பதறாதே." மேனேஜர் குழுவின் பக்கம் திரும்பினார். "சின்ன டெக்னிக்கல் தாமதம், மேடம். அதுக்குள்ள நம்ம நிலையத்தோட வரலாறைச் சொல்லிடறேன்."

வரலாறு நீளமானது. பதினொரு நாள் வெயில் யார் கண்ணிலும் படாமல் எரிந்துகொண்டிருந்தது. வால்வை மூடலாம், ஏன் மூடினாய் என்று கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டும். அவள் ஒரு கெட்டிலைத் தண்ணீரோடு கொண்டுவந்து அடுப்பின்மேல் வைத்தாள். கொதித்தால் அதுவே பேசும்.

அது சூடேறுமுன் மேனேஜர் தூக்கிக் கீழே வைத்தார். "முதல்ல அடுப்பு எரியட்டும்மா."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "கவலைப்படாதே. தெய்வம் கைவிட்டாலும் சிலிண்டர் கைவிடாது. ஸ்டாண்ட்பை சொல்லி வச்சிருக்கேன்."

கோபுரத்துக்குப் பின்னாலிருந்து சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தவர் பெரியப்பா. ஆளை அனுப்பாமல் அவரே வந்திருந்தார், வேடிக்கை பார்க்கும் ஆசையில்.

"என்னம்மா, வெயில் பத்தலையா?"

"மேடம், இப்படி வந்து கண்ணாடிகளைப் பாருங்க," என்று மேனேஜர் குழுவை மறுபக்கம் ஓட்டிச் சென்றார். போகிறபோக்கில் பெரியப்பாவிடம், "அதே அடுப்புல மாட்டிடுங்க. ஏதோ எரிஞ்சா சரி," என்றார்.

மூன்று பேரும் முதுகைக் காட்டி நின்றார்கள். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். தொட்டியில் இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது. இப்போதும் பேசாமல் இருந்தால் சிலிண்டர் எரியும், குழு கைதட்டும், அவள் வேலையும் தப்பும். வெயில் மட்டும் வீண்.

பெரியப்பா ரப்பர் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே மாட்டுவது என்று பார்க்க அடுப்பின்மேல் குனிந்தார். அவர் முகத்துக்கு முன்னால் காற்று நெளிந்தது. எண்ணெய் போட்டு நாற்பது வருடமாக வளர்த்த மீசை, முறுக்கிய நுனியோடு, அந்த நெளிவை நோக்கி இறங்கியது.

"பெரியப்பா, மீசையை எடுங்க."

அவள் குரல் கண்ணாடி வரிசை வரைக்கும் போயிற்று. பெரியப்பா திடுக்கிட்டு நிமிர்ந்தார். சூடு பட்டதால் அல்ல, இவளுக்குக் குரல் இருந்ததால். ஆனாலும் அரை விநாடி தாமதம். இடப்பக்க நுனி மஞ்சளாக ஒருமுறை ஒளிவிட்டுச் சுருண்டது. கருகிய மயிர் வாடை குழு வரைக்கும் வந்தது.

தலைவி குடையை மடக்கிக்கொண்டு திரும்பி வந்தார். சிலிண்டரைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார், வெறும் அடுப்பைப் பார்த்தார்.

"என்ன எரியுது இங்க?"

மேனேஜர் வாயைத் திறந்தார். சைலன்சர் முந்திக்கொண்டாள்.

"நாங்க சேத்து வச்ச வெயில், மேடம். அடுப்பு முதல்லயே பத்திக்கிச்சு. பதினேழு நிமிஷமா எரிஞ்சுகிட்டுதான் இருக்கு."