டெங்கில் விலை

என் வீட்டுக்காரர் முகமது ரஃபீக்குக்குக் கிள்ளானில் ஒரு ஜவுளிக்கடை, பிரிக்பீல்ட்ஸில் அதற்கொரு கிளை. ஒரே மூட்டையில் வந்து இறங்கும் சேலைக்குப் பிரிக்பீல்ட்ஸில் முப்பது ரிங்கிட் கூடுதல். ஏன் என்று கேட்டால், "அங்க வாடகை என்னன்னு தெரியுமா?" என்று எகிறுவார். முடிவெட்டுகிறவனுக்கும் வாடகை உண்டு என்பது மட்டும் அந்த மண்டையில் ஏறாது. முடிவெட்டப் பிரிக்பீல்ட்ஸில் முப்பத்தைந்தா, கொள்ளை. பூச்சோங்கில் இருபதா, அதுவும் கொள்ளை. ஊர் ஊராக விலை விசாரிப்பதே அவருக்குப் பொழுதுபோக்கு. தலையில் இருப்பதோ காதோரம் நாலு முடி.

இந்தக் கூத்தைத் தன் தலையோடு வைத்துக்கொண்டிருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். பேரன் தலையிலும் கை வைத்தார்.

மகள் ருக்சாருக்குத் தலைப்பிரசவம். ஏழாம் நாள் முடி இறக்குவதை ஷா ஆலமில் தங்கள் வீட்டில்தான் செய்வோம் என்று சம்பந்தி வீட்டார் ஒற்றைக்காலில் நின்றார்கள். மருமகன் அம்மாரிடம் கெஞ்சிக் கூத்தாடி, அதையும் நாற்பது நாள் இருப்பையும் என் வீட்டுக்கு வாங்கினேன். "எங்க உம்மா முன்னாடி ஒரு குறையும் வரக்கூடாது மாமி" என்று சொல்லித்தான் சம்மதித்தார்.

தெருமுனையில் முடிவெட்டும் கடை வைத்திருக்கும் கிஷனிடம் பேசினோம். "பச்சப்புள்ள தலை லா, பாஸ். நிதானமா செய்யணும். கடையயும் மூடிட்டு வரணும். அறுபது குடுங்க" என்றார். நியாயம்தானே? இவர் எனக்குத் தெரியாமல் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"டெங்கில்ல இருபத்தஞ்சுக்கு ஆள் இருக்கான் சல்மா. காலையிலயே போய்க் கூட்டிட்டு வந்துடறேன்."

ஏழாம் நாள் விடிந்ததும் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் டெங்கிலுக்குக் கிளம்பினார். சம்பந்தி வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். பிரியாணி தம் இறங்கி ஆறத் தொடங்கியது. போன் போட்டால், "கடையில கூட்டம், கொஞ்சம் பொறு" என்றார். மறுபடி போட்டேன். "கிள்ளான் வரைக்கும் வரணும்னா எம்பதாம்! பேசிட்டு இருக்கேன்" என்றார். அட மனுஷா! சம்பந்தியம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் ருக்சார், "வாப்பா வந்துடுவாங்க மாமி" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்தாள்.

வெட்கத்தை விட்டுக் கிஷனைக் கூப்பிட்டேன். ஒரு வார்த்தை குத்திக்காட்டாமல் வந்தார். பிள்ளை சிணுங்கக்கூட இல்லை, வழித்து முடித்துவிட்டார். வழக்கப்படி அந்த முடியை நிறுத்து, அதன் எடைக்கு வெள்ளி தர்மம் செய்ய எடுத்து வைத்தோம். சம்பந்தியம்மா முகத்தில் சிரிப்பு வந்தது. எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மானம் தப்பியது என்று மூச்சு விட்டேன்.

அப்போதுதான் இவர் நுழைந்தார். தனியாக. பிடரியில் பவுடர், காதோரம் மழமழவென்று.

"அவன் வரமாட்டேன்னுட்டான். போனது வீணாக வேண்டாம்னு நான் வெட்டிக்கிட்டேன். பன்னெண்டுதான்!"

மகள் மடியில் இருந்த மொட்டைத் தலை அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை, கன்னத்தைத் தொடவில்லை.

"யாரு வழிச்சது? எவ்வளவு புடுங்கினான்?"

அம்மார் தட்டிலிருந்து கையை எடுத்தார். அவர் பேசுவதற்கு முன்னால் ருக்சாரே எழுந்துவிட்டாள்.

"உம்மா, என் பையை எடுத்து வைங்க. நான் ஷா ஆலம் போறேன்."

இரு என்று எந்த முகத்தோடு சொல்வது? பிள்ளைத் துணிகளை மடித்துப் பையில் வைத்தேன். இன்னும் முப்பத்து மூன்று நாள் அந்த வாசனை என் வீட்டில் இருந்திருக்க வேண்டும்.

கார் கிளம்பும்போது இவர் வாசலுக்கு ஓடினார். போகாதே என்று சொல்லத்தான் ஓடுகிறார் என்று நம்பினேன். நானும் ஒரு முட்டாள். கார்க் கண்ணாடியைத் தட்டி இறக்கச் சொன்னார்.

"மாப்பிள்ளை, ஹைவேல டோல் புடுங்குவான். ஃபெடரல் ரோட்லயே போங்க."