துணைத்தலைவரின் புது ரேடியேட்டர்

திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் கிறிஸ்துராஜ் சாரைத் தெரியாதவர்கள் ஒன்றிரண்டு பேர் இருக்கலாம். அவருடைய காரைத் தெரியாதவர்கள் இருக்க வழியில்லை. ஊரில் ஏதாவது ஒரு முக்கில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஆவி விட்டபடி அது நின்றுகொண்டிருக்கும். பக்கத்தில் வெள்ளை வேட்டியில் சார் நிற்பார், இந்த இடத்தில் நிறுத்தவேண்டும் என்று வீட்டிலேயே முடிவு செய்து வந்தவர் போல. அவருக்குப் பின்னால் மனைவி வினோலியா டீச்சர் தண்ணீர்க் கேனோடு நிற்பார். பள்ளிக்கூடத்தில் அவர் சுமந்த நோட்டுக் கட்டுகளைவிட இந்தக் காருக்காகச் சுமந்த தண்ணீர் அதிகம்.

அறுபத்து நாலாம் வருஷத்து அம்பாசிடர். சாருடைய அப்பா சூசைமுத்து வாங்கியது. சூசைமுத்து காலத்தில் அது கொடைக்கானலுக்கே ஏறி இறங்கிய வண்டி, ஒருநாளும் கொதித்ததில்லை. மகன் கைக்கு வந்து, மகனுக்குப் பதவிகள் வரத் தொடங்கிய பிறகுதான் இந்த வியாதி. அதாவது, வண்டியின் முன்பக்கக் கிரில்லில் போர்டு ஏறிய பிறகு.

முதலில் அது சின்னப் போர்டுதான். 'கிறிஸ்துராஜ் எம்.ஏ., பி.எட்., தலைமை ஆசிரியர்' என்று ஒரு வரி. ஓய்வுபெற்றதும் 'ஓய்வு' என்ற சொல்லுக்காகக் கொஞ்சம் அகலமானது. பிறகு மாதாகோயில் பங்குப் பேரவைக்குத் துணைத்தலைவர் ஆனார். தலைவர் சாமியார் என்பதால், மனிதர்கள் ஆகக்கூடிய உச்சப் பதவி அதுதான் என்று அவரே விளக்குவார். அடுத்து மரபு வாகன ஆர்வலர் சங்கத்தின் கௌரவத் தலைவர். அந்தச் சங்கத்தில் வாகனம் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் ஆர்வம் மட்டும் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பதவிக்கும் ஒரு வரி. கடைசியில் சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்தாகக் கிரில் முழுவதும் சார்தான் இருந்தார். வண்டிக்கு மூச்சுவிட இரண்டு ஓரத்திலும் விரற்கடை இடம் மிச்சமிருந்தது.

அவர்களுடைய ஒரே மகள் ஷைனிக்கு அந்தக் காரைப் பிடிக்காது. பிடிக்காது என்பது மரியாதைக்குச் சொல்வது. சின்ன வயதில் கோயிலில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கப் போன அன்று, வெள்ளைக் கவுனும் தலையில் பூமுடியுமாக அவள் ரோட்டோரம் நின்றபோது, சார் அவசரப்பட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். திறந்தவர் துள்ளி ஒதுங்கிக்கொண்டார். துருத்தண்ணீர் அவரைத் தாண்டிப் போய் மகள் மேல் விழுந்தது. வந்து விழுவதற்குள் சூடு போய்விட்டது, துரு போகவில்லை. அன்றைக்கு எடுத்த போட்டோ எல்லாவற்றிலும் அவள் அம்மை போட்ட பிள்ளை மாதிரி கைகூப்பி நிற்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்களிடம் சார் அந்த ஆல்பத்தைக் காட்டுவார். "பின்னாடி நிக்குது பாருங்க, நம்ம வண்டி" என்பார்.

இப்போது அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ரோஷன், சின்னாளப்பட்டியில் சேலைக்கடை வைத்திருப்பவன். பூசைக்கு உடுத்த வெள்ளைப் பட்டு எடுத்து, அவளே இரவு பகலாக முத்துக் கோத்து பார்டர் தைத்துக்கொண்டிருந்தாள். சேலை பாதி முடிந்திருந்த ஒரு சாயங்காலம் சார் அறிவித்தார்.

"பொண்ணும் மாப்பிள்ளையும் கோயில்ல இருந்து மண்டபத்துக்கு நம்ம வண்டியிலதான் போறாங்க."

"நான் நடந்தே போயிக்கிறேன்," என்றாள் ஷைனி.

"பாப்பா, சூசைமுத்து பேத்தி வாடகைக் கார்ல போனா ஊரு என்ன சொல்லும்?"

"ஊரா? ஊரு வந்து தள்ளிவிடும்ப்பா. எப்பவும் அதானே நடக்குது?"

இரண்டு நாள் வீட்டில் சோறு மட்டும்தான் பரிமாறப்பட்டது, பேச்சு இல்லை. வினோலியா டீச்சர் நடுவில் புகுந்து ஒரு ஒப்பந்தம் பண்ணிவைத்தார். கார் உச்சிவெயிலில் குஜிலியம்பாறை வரை போய்த் திரும்பவேண்டும். வழியில் ஒரு தடவைகூடப் பானெட்டைத் திறக்கக்கூடாது. அப்படி வந்துவிட்டால் ஷைனி அதில் ஏறுவாள். இல்லையென்றால் வாடகைக் கார், அதற்குமேல் யாரும் வாய் திறக்கக்கூடாது.

சார் நேராக மெக்கானிக் மன்சூரிடம் போனார். மன்சூர் பழைய ரேடியேட்டரைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், சாவு வீட்டில் தலையாட்டுவது போலத் தலையாட்டினார்.

"இது செத்துப்போச்சு சார். கோயம்புத்தூர்ல சொல்லி அலுமினியத்துல செய்யலாம். ரெண்டு மடங்கு தடிமன். கூட ஒரு எலெக்ட்ரிக் ஃபேன். பச்சைக் கூலன்ட் ஊத்திட்டோம்னா வண்டி ஃபிரிட்ஜ் மாதிரி ஓடும்."

"எனக்கு மொதல்லயே தெரியும், ரேடியேட்டர்தான்னு," என்றார் சார்.

போர்டைப் பற்றி மன்சூர் மூச்சுவிடவில்லை. அவர் கண்ணுக்கு அது படாமலில்லை. அதைக் கழற்றித்தான் வேலையையே ஆரம்பித்தார். ஆனால் 'போர்டை எடுங்க' என்று சொல்வதற்கு எந்த ஊரிலும் யாரும் கூலி கொடுப்பதில்லை. கழற்றிய போர்டை சார் சும்மா விடவில்லை. அந்த வாரம்தான் அவர் வட்டார சமாதானக் குழுவில் உறுப்பினர் ஆகியிருந்தார். இடம் போதாது என்பதால் போர்டு எழுதும் கடையில் புதிதாக, இன்னும் பெரிய பலகைக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

ஆகவே சோதனை ஓட்டத்துக்குக் கார் புது ரேடியேட்டரோடும், போர்டு இல்லாமலும் கிளம்பியது. எரியோடு ஊரைத் தாண்டியதும் வெயில் தார்ரோட்டில் அலையாக ஆடியது. முன்சீட்டில் சார் ஓட்ட, பக்கத்தில் டீச்சர் மடியில் கேனோடு உட்கார்ந்திருக்க, பின்சீட்டில் ஷைனி சூடு காட்டும் முள் நடுங்குவதற்காகக் காத்திருந்தாள். முள் நடுங்கவில்லை. குஜிலியம்பாறையில் டீ குடித்தார்கள். திரும்பினார்கள். வீட்டு வாசலில் நின்றபோது கேனில் தண்ணீர் அப்படியே இருந்தது.

"எப்பூடி?" என்றார் சார். அந்த ஒரு சொல்லில் எம்.ஏ., பி.எட். இரண்டும் காணாமல் போயிருந்தன.

ஷைனிக்கு நம்ப முடியவில்லை. வண்டியைச் சுற்றி வந்தாள். முன்னால் குனிந்து கிரில்லுக்குள் பார்த்தாள். புது ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளில் பூச்சிகள் ஒட்டியிருந்தன. ஈசல், தும்பி, ஒரு மஞ்சள் பட்டாம்பூச்சியின் பாதி. கொட்டகையில் கிடந்த பழைய ரேடியேட்டரையும் போய்ப் பார்த்தாள். அதில் அழுக்கு இருந்தது, துரு இருந்தது, ஒரு பூச்சி இல்லை. இத்தனை வருஷமாகப் பூச்சியெல்லாம் எங்கே மோதிச் செத்தது என்று அவளுக்கு அப்போது விளங்கியது. அப்பாவின் பட்டங்களில் செத்திருக்கிறது.

அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினாள்.

"பூச்சி போறதுக்கே வழியில்லாத இடத்துல காத்து எப்படிப்பா போகும்? ரேடியேட்டர் பாவம், அது என்ன செய்யும்? கொதிக்க வச்சது போர்டு."

சார் பூச்சிகளை வெகுநேரம் பார்த்தார். வாத்தியாராக இருந்தவர், கணக்கு சரியாக இருப்பது அவருக்கே தெரிந்தது. அது தெரிந்ததில்தான் கோபம்.

"என் பதவிக்கும் வண்டிச் சூட்டுக்கும் முடிச்சுப் போடுறியா நீ?"

"போர்டு வேணும்னா வீட்ல மாட்டுங்க. கல்யாணத்தன்னைக்கு வண்டியில வேணாம். சொல்லுங்கப்பா, மாட்ட மாட்டேன்னு."

"சரி, மாட்டல."

"என்மேல சத்தியமா?"

"உன்மேல சத்தியமா. போ, போயி முத்தைக் கோத்து முடி."

அவள் நம்பினாள். அதில் அவளைக் குற்றம் சொல்ல முடியாது. மகள் என்றால் நம்பத்தான் செய்வாள்.

கல்யாணத்தன்று பூசை முடிந்து மாலையோடு கோயில் வாசலுக்கு வந்தபோது கார் நின்றிருந்தது. கிரில்லில் புதுப் போர்டு. இந்தமுறை பம்பரிலிருந்து பானெட் விளிம்பு வரை, ஓரத்தில் விரற்கடைகூட விடாமல். கடைசி வரியில் 'சமாதானக் குழு' புதுப் பெயிண்டில் மினுங்கியது. போர்டைச் சுற்றிச் செண்டுமல்லியும் கோழிக்கொண்டையும் கெட்டிச் சரமாகக் கட்டியிருந்தார்கள். மிச்சமிருந்த இடுக்கையும் அது அடைத்தது.

ஷைனி நின்றுவிட்டாள். "அப்பா," என்றாள்.

சார் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. "சம்பந்தி வீட்டு ஆளுக அம்புட்டுப் பேரும் வந்திருக்காக. நான் யாருன்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா? அதான் புது ரேடியேட்டர் இருக்குல்ல. ஏறு பாப்பா, நேரமாச்சு."

முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏறினாள். அவளுக்கு அழுகை வந்தது. பக்கத்துவீட்டுப் பெண்கள் அதைப் பிறந்தவீட்டைப் பிரிகிற அழுகை என்று எடுத்துக்கொண்டு தாங்களும் அழுதார்கள்.

முன்னால் பேண்டு வாத்தியம் நடந்தது, பின்னால் கார் அதன் நடைக்கு ஊர்ந்தது. புது ரேடியேட்டர் தன்னால் முடிந்ததைச் செய்தது. எலெக்ட்ரிக் ஃபேன் காற்றைத் தேடிக் கூவியது. பேகம்பூர் வந்தபோது முள் சிவப்பைத் தொட்டது. டீச்சர் கால் கேனைத் தேடியது. அடுத்த நிமிஷம் பானெட் இடுக்கெல்லாம் ஆவி.

சார் இறங்கிப் பானெட்டைத் தூக்கினார். "செத்த நேரம், ஆறிரும்," என்றார் கூட்டத்தைப் பார்த்து. பிறகு, இத்தனை வருஷம் கற்றுக்கொள்ளாததை அன்றைக்கும் கற்றுக்கொள்ளாமல், துண்டைச் சுற்றி மூடியைத் திருகினார். பீறிட்டது. அவர் துள்ளிய துள்ளலில் சூடு தப்பியது, கறை தப்பவில்லை. ஷைனி முந்தானையை அள்ளிக்கொண்டு அந்தப் பக்கக் கதவு வழியாக முன்பே இறங்கியிருந்தாள். சாரின் பட்டு வேட்டியில் இடுப்பிலிருந்து முழங்கால் வரை பச்சைப் பச்சையாகப் பொட்டு. முன்னே துரு, இப்போது பச்சை; வண்டியில் ஏற்பட்ட முன்னேற்றம் அவ்வளவுதான்.

ரோஷன் போர்டைக் குனிந்து பார்த்தான். நாலு போல்ட். "மாமா, இதைக் கழட்டிட்டு, ஆறினதும் தண்ணிய ஊத்திக்கிட்டுக் கிளம்பிரலாம். ஷைனி எங்கிட்ட சொன்னது சரிதான். ஸ்பேனர் எங்க இருக்கு?"

சார் வண்டிக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் வந்து நின்றார். அவர் குரல் ஒருமாதிரி உடைந்திருந்தது.

"நடுரோட்டுல வச்சு என்னைக் கழட்டச் சொல்றீகளா மாப்பிள்ளை?"

பேண்டுக்காரர்கள்கூட வாசிப்பை நிறுத்திவிட்டார்கள். ஷைனி அப்பாவைப் பார்த்தாள். அவர் இரண்டு கையையும் பின்னால் கொடுத்துப் போர்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். தன்னை ஒருநாளாவது அப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறாரா என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை. அவள் கைகாட்டினாள், ஒரு ஆட்டோ நின்றது. மாப்பிள்ளையும் பெண்ணும் ஏறினார்கள். டீச்சர் கேனைச் சாரின் காலடியில் வைத்துவிட்டு, ஆட்டோ டிரைவருக்குப் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்துகொண்டார். அத்தனை வருஷத்தில் அந்தக் கார் கொதித்து நிற்க, அவர் நகர்ந்து போனது அதுதான் முதல்தடவை.

மண்டபத்தில் ஆரத்தி முடிந்து, கேக் வெட்டி, முதல் பந்தி எழுந்த பிறகு வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. அம்பாசிடர் அலுங்காமல் குலுங்காமல் வந்து நின்றது. ஆவி இல்லை, புகை இல்லை. சார் பச்சைப் பொட்டு வேட்டியோடு இறங்கி, கையை வீசிக்கொண்டு வந்தார்.

"பாத்தியா பாப்பா? ஜில்லுனு வந்துருச்சு. புது ரேடியேட்டர்னா புது ரேடியேட்டர்தான். நீதான் அவசரப்பட்டுட்ட."

ஷைனி வாசலுக்கு வந்து பார்த்தாள். கிரில் காலியாக இருந்தது. கூட்டம் கலைந்த பிறகு, யாரும் பார்க்காத நேரத்தில், நாலு போல்ட்டையும் சாரே கழற்றியிருக்கிறார். மணமக்கள் உட்காரவேண்டிய பின்சீட்டில், மாப்பிள்ளை வீட்டார் கோயிலில் அவருக்குப் போட்ட பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு போர்டு சாய்ந்து உட்கார்ந்திருந்தது. மகளுக்காகக் கழற்றாததை மகள் போன பிறகு வண்டிக்காகக் கழற்றியிருக்கிறார். இந்தத் தடவை அவள் அழவில்லை.

போட்டோக்காரர் ஓடிவந்தார். "அக்கா, வண்டி சூப்பரா இருக்கு. ரெண்டு பேரும் பின்சீட்ல உக்காருங்க, ஒண்ணு எடுத்துருவோம்."

"மொதல்ல உள்ள உக்காந்திருக்கவரை எறக்கச் சொல்லுங்க," என்றாள் ஷைனி.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சாரும் என்ன ஏதென்று தெரியாமல் கூடச் சிரித்தார். பிறகு கதவைத் திறந்து, கீறல் படாமல், தூங்குகிற குழந்தையைத் தூக்குவது போலப் போர்டை வெளியே எடுத்தார். கீழே வைக்க மனசு வராமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காருக்குப் பக்கத்தில் நின்றார். போட்டோக்காரர் அமுக்கினார்.

ஒரு மாதம் கழித்து ஆல்பம் வந்தது. அந்தப் போட்டோவில் மாப்பிள்ளையும் பெண்ணும் காருக்குள் இருக்கிறார்கள். வெள்ளைச் சேலையில் ஒரு பொட்டுக்கூட இல்லை. வெளியே சார், பச்சை வேட்டியோடு, கைநிறையப் பலகையோடு. எழுத்துப் பக்கம் அவர் நெஞ்சுக்குள் போயிருக்க, வெறும் ஒட்டுப்பலகையும் போல்ட் துளையும்தான் தெரிந்தது. சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷைனி, அவர் சேலையைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள்.

"சே," என்றார் சார். "திருப்பிப் பிடிச்சிட்டேனே."